கீறல் விழாத பெட்டி

ஹசிந்தா திக்கோனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியில் தப்பித்து ஓடிவிட வேண்டும் என்பது எங்கள் சான் எலாடியோ மலையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு லொகோத்தோ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சூப்பில் ஒரு துண்டு போட்டாலே கண்ணில் நீர் வரவைக்கும் எங்கள் மிளகாய் அது. பெயர் வைத்தவன் யாரென்று இன்றுவரை ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் பல்லோடு இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அவள் அம்மா சுரங்கத்துக்கு வெளியே, கொட்டிக் கிடக்கும் கழிவுக் கல்லைச் சுத்தியலால் உடைத்து, அதில் ஒட்டியிருக்கும் வெள்ளீயத்தைப் பொறுக்கியே மகளைப் படிக்க வைத்தாள். ஹசிந்தா ஒருரோ நகரத்தில் நில அளவை படித்துவிட்டு, கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்துகொண்டு முதல்முதலாகச் சுரங்க வாசலுக்கு வந்தபோது ஆண்கள் குறுக்கே நின்றார்கள். "பொம்பள உள்ள வந்தா ஈயம் ஓடிப்போயிடும்" என்றார் ஒருவர். "ஓடட்டும். எந்தப் பக்கம் ஓடுதுன்னு அளந்து சொல்றேன். பின்னாலயே தோண்டிக்கிட்டுப் போங்க" என்றாள் அவள். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. ஈயம் எங்கேயும் ஓடவில்லை.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் அளவை செய்யும் ஒரே ஆள் அவள்தான். அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிய வேண்டுமானால், மலையின் மேற்குப் பக்கத்தைப் பற்றித் தெரிய வேண்டும். முப்பாட்டன் காலத்துக் கம்பெனி ஒன்று அந்தப் பாதியைக் குடைந்து தின்றுவிட்டுப் போய்விட்டது. அந்தக் குகைகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. பழைய தண்ணீர் என்போம். அதற்குப் பதினைந்து மீட்டர் நெருக்கத்தில் யாரும் தோண்டக்கூடாது. தோண்டினால் ஒரு வெடி போதும். உள்ளே இருப்பவனுக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. யார் எந்தப் பக்கம் எவ்வளவு தோண்டியிருக்கிறார்கள், பழைய தண்ணீருக்கும் அவர்களுக்கும் நடுவில் இன்னும் எத்தனை மீட்டர் பாறை மிச்சம் என்று அளந்து சொல்வதுதான் ஹசிந்தாவின் வேலை.

எங்களிடம் ஒரு வழக்கமும் உண்டு. இடம் பத்திரம் என்று கையெழுத்துப் போடுகிறவர்தான், மறுநாள் குழுவுக்கு முன்னால் முதல் ஆளாக உள்ளே நடக்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் அதை மீறி எந்தக் குழுவும் வாசலைத் தாண்டாது. இருபத்திரண்டு வருடமாக ஹசிந்தா கையெழுத்துப் போடுவாள், களைப்புக்கு மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், முன்னால் நடப்பாள்.

இந்த ஒழுங்குக்குள்தான் அந்த லேப்டாப் வந்து விழுந்தது. விழுந்தது என்று நான் சும்மா சொல்லவில்லை.

போன நவம்பரில் சாந்தா குரூஸிலிருந்து ரொட்ரிகோ சுவாரெஸ் என்ற விற்பனைக்காரர் வந்தார். சமவெளி ஆள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மூச்சுக்குத் திண்டாடி, கோக்கா டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே சங்கத்துக் கூடத்தில் பேசினார். கையில் கருப்பு நிறத்தில், ஓரமெல்லாம் ரப்பர் கட்டிய, செங்கல் கனத்தில் ஒரு லேப்டாப்.

"ராணுவத் தரம்ங்க. இருபத்தாறு தடவ கீழ போட்டுப் பரிசோதிச்சது" என்று அதை மேசையிலிருந்து பலகைத் தரையில் தள்ளிவிட்டார். டமார். எடுத்துத் திறந்தார். திரை பளிச்சென்று எரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை விசைப்பலகையில் ஊற்றித் துடைத்தார். எரிந்தது. "மழை, சேறு, காபி, என்ன வேணா ஊத்துங்க. கவலையே இல்ல. யாராவது வந்து இதுமேல ஏறி நில்லுங்க பாக்கலாம்."

ஏறி நின்றது யார் தெரியுமா? ஹசிந்தா. சுரங்க பூட்ஸோடு ஏறி, ஒரு குதி குதித்தும் பார்த்தாள். மூடி நெளியவில்லை. கூடமே கை தட்டியது. அவளும் தட்டினாள். பின்னாளில் எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டாளே, அத்தனையிலும் பாதி அந்தக் கைதட்டலுக்காகத் தன்மேலேயே பட்ட கோபம்.

சங்கத் தலைவர் தோன் பிளாசிதோவுக்குப் புதுப் பொருள் என்றால் உயிர். லேப்டாப் வந்த வாரமே ஹசிந்தாவின் அளவுப் புத்தகங்களைக் கட்டிக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னார்.

"புத்தகத்துல ஒரு தடவ எழுதி, பெட்டில ஒரு தடவ எழுதி, என்னத்துக்கு ரெண்டு வேல? நேரா பெட்டியில ஏத்து."

"சரி தலைவரே. ஒரு பென் டிரைவாவது வாங்கிக் குடுங்க. நகல் எடுத்து வச்சுக்கிறேன்."

"உடையாத பெட்டிக்கு நகல் எதுக்கு? காங்கிரீட் வீட்டுக்குள்ள ஒக்காந்து குடை பிடிப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு மூக்கு சிவந்தது. ஆனால் குதித்துப் பார்த்தவள் அவள்தானே. என்ன பேசுவாள்? புத்தகத்தைக் கட்டினாள்.

ஜனவரியில் லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒயர் செருகும் துளையை மூடியிருந்த ரப்பர் பிய்ந்து தொங்கியது. சுவாரெஸுக்குப் போன் செய்தாள். "அது சும்மா ஒரு மூடிதான் மேடம். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. பெட்டி இரும்பு" என்றார். அவள் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் மலையில் சால்யா என்ற படையல் நாள். வருடமெல்லாம் நமக்காக உழைத்த எல்லாவற்றுக்கும் அன்று பங்கு உண்டு. உள்ளே இருக்கும் தீயோ சாமிக்குச் சிகரெட்டும் சாராயமும். வெளியே கம்ப்ரசருக்கும், தள்ளு வண்டிக்கும், எடை மேடைக்கும், ஆபீஸ் நாற்காலிக்கும்கூடக் காகிதத் தோரணம், பொடிக் காகிதம், நாலு மூலையிலும் பியர். எதையாவது விட்டுவிட்டால் அது மனம் நொந்து அந்த வருடமே பழிவாங்கும். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை அது நோஞ்சான் என்று தெரிந்து, மேசைக் காலுக்குத்தான் நாலு சொட்டு விடுவோம். அதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த வருடம் தோன் பிளாசிதோ பாட்டிலோடு வந்தார்.

"மேசைக் காலுக்கா? இது நோஞ்சான் இல்லடா, கோவேறு கழுதை. வாயிலயே ஊத்தணும். ஹசிந்தா, நீதான் இதோட எசமானி. நீ ஆரம்பி."

அவள் நாலு மூலையிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். "ஏ லொகோத்தோ, கண்ணுக்கு மருந்தா போடுற?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். தலைவர் பாட்டிலைப் பிடுங்கி விசைப்பலகைமேல் கவிழ்த்தார். நுரை பொங்கி ஓரத்தில் வழிந்தது. பக்கவாட்டுப் பிளாஸ்திரி வரைக்கும் வழிந்தது. திரை அணையவில்லை. "பாத்தியா! நம்மள விட நல்லா குடிக்குது!" என்று ஆபீஸே ஆடியது.

அதற்கு முந்தின நாள்தான் ஹசிந்தா ஹெனாரோவின் குழு தோண்டும் மேற்குப் பாறை முகத்தை அளந்திருந்தாள். நாலு பேர் குழு. நல்ல ஈயப் பட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழைய தண்ணீர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கோணமும் நீளமும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். கணக்குப் போட்டுப் பாறை மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதைத் திருவிழாவுக்கு அப்புறம் வைத்துக்கொண்டாள். உடையாத பெட்டிக்குள் இருக்கிற அளவு எங்கே போய்விடப் போகிறது?

பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. பிளாஸ்திரியை உரித்தாள். உள்ளே பழுப்பாய்ப் பிசுபிசுத்தது. ஒருரோவில் பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, நினைவகத்தைத் தனியாகக் கழற்ற முடியாதபடி பலகையோடு சேர்த்தே செய்திருக்கிறார்கள், எல்லாம் அரித்துப் போயிற்று, நவம்பரிலிருந்து ஏற்றியதில் ஓர் எழுத்துக்கூடத் தேறாது என்றார். பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். வெளியே ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் காலை வாசலில் ஹெனாரோவும் குழுவும் விளக்கு மாட்டித் தயாராக நின்றார்கள். தலைவரும் வந்துவிட்டார்.

"கடைசியா நீ சொன்னது பத்தொம்போது மீட்டர். அது நெனவிருக்குல்ல?" என்றார்.

"அது திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முந்தி தலைவரே."

"ரெண்டு வாரத்துல மூணு மீட்டர் தோண்டியிருப்பானுங்க. பதினாறு. பதினஞ்சுக்கு மேலதான? இன்னிக்கு ஒரு நாள் வேல செய்யட்டும். கையெழுத்தப் போடு."

"அளக்காம போட மாட்டேன்."

"அக்கா, திருவிழாவுல கையில இருந்ததெல்லாம் கரைஞ்சுபோச்சு" என்றான் ஹெனாரோ. "நீங்க நவம்பர்லேருந்து திரும்ப அளந்து முடிக்க ரெண்டு நாள் ஆகும். நாங்க வாசல்ல ஒக்காந்து ஈ ஓட்டவா? ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க."

"குத்துமதிப்பா சொன்னா குத்துமதிப்பாதான் வீட்டுக்கு வருவ."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். எல்லோர் காதிலும் விழும்படிதான் தாழ்த்தினார். "வழக்கப்படி மொதல்ல நீதான் உள்ள போகணும். அதான் நடுங்குறியா? பயமா இருந்தா சொல்லு, வேற ஆள் பாத்துக்கிறோம்."

மூக்கு சிவந்தது. இந்த முறை யாரும் ஓட நேரமில்லை.

"பயமா? இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லார் பொண்டாட்டிக்கும் புருஷன சாயங்காலம் திருப்பிக் குடுத்தவ நான். மொதல்ல போறது எனக்குப் பெரிசில்ல. எனக்குப் பின்னால நாலு பேரு வரான் பாருங்க, அவனுங்களுக்குத்தான் நான் பதில் சொல்லணும். நீங்க சொல்லுவீங்களா? நீங்க அன்னிக்குக் கவுத்தீங்களே பாட்டிலு, அதையும் நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். அந்த எளவுக்கு நானும் பொறுப்பு. அதனாலதான் சொல்றேன், அளக்காம ஒரு ஈ கூட உள்ள போகாது."

கிடங்கைத் திறந்து புத்தகக் கட்டைத் தூக்கிவந்தாள். எலி ஓரத்தைக் கடித்திருந்தது, எண்கள் அப்படியே இருந்தன. நவம்பரில் பாறையில் அடித்த கடைசி ஆணியிலிருந்து ஆரம்பித்தாள். உதவிக்கு ஒரு ஆளும் வரவில்லை. வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவன்கூட டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எழுந்திருக்கவில்லை. டேப்பை ஆணியில் மாட்டிவிட்டு நடந்தாள், திரும்பி வந்து கழற்றினாள், மறுபடி நடந்தாள். ஏணிகளில் தியோடலைட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். தனியாகத் திட்டிக்கொண்டே அளந்தாள். சுவாரெஸை, தலைவரை, ரப்பர் மூடியை, பிளாஸ்திரியை, நவம்பர் மாதத்தை, குதித்துப் பார்த்த தன் காலை.

இரண்டாம் நாள் மாலை ஆபீஸில் பென்சிலால் கணக்குப் போட்டாள். மூன்று தடவை போட்டாள். பதினொன்று வந்தது.

பதினொன்று. பதினாறு இல்லை, பதினைந்தும் இல்லை. பழைய தண்ணீருக்கும் ஹெனாரோவின் டிரில்லுக்கும் நடுவில் பதினொரு மீட்டர், அதுவும் விரிசல் விட்ட பாறை.

ஹெனாரோவைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"ரெண்டு வாரத்துல மூணு மீட்டர்னு தலைவர் சொன்னப்ப நீ வாய மூடிக்கிட்டு நின்ன. எத்தன வெடி வச்சடா?"

"திருவிழாச் செலவுக்காக... ரெண்டு ஷிப்டு போட்டோம்க்கா. எழுதல. கொஞ்சம்தானே கூடுதல்னு நெனச்சேன்."

"எட்டு மீட்டர் உனக்குக் கொஞ்சமா? நான் நேத்து கையெழுத்துப் போட்டிருந்தா நீ முன்னால என்னப் போகவிட்டுட்டுப் பின்னாலயே வந்திருப்ப. வாயத் திறந்திருக்க மாட்ட."

அந்தப் பாறை முகத்துக்கு மரச்சட்டம் குறுக்கே அடித்து மூடினார்கள். நல்ல பட்டை போனதென்று பாதி ஊர் அவளைத்தான் திட்டியது. நன்றி என்று ஒரு வார்த்தை எந்த வாயிலிருந்தும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு சுவாரெஸ் வந்தார். நாங்கள் திருப்பி அனுப்பி, கம்பெனி பரிசோதித்து முடித்த பழைய லேப்டாப் ஒரு கையில், புது மாடல் இன்னொரு கையில். பழையதைத் தூக்கி நாலா பக்கமும் காட்டினார்.

"நீங்களே பாருங்க. ஒரு கீறல் இருக்கா? ஒரு நெளிவு? நாங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பெட்டி உடையல. ஆனா வாரண்டி கிடைக்காது. சுத்தமான தண்ணி, எல்லா மூடியும் இறுக்க மூடி இருக்கணும், அதுதான் பரிசோதன. தாள்ல தெளிவா போட்டிருக்கு. கம்ப்யூட்டருக்குப் பியர் ஊத்துற ஊர நான் இப்பதான் பாக்குறேன்." கடைசி வார்த்தைக்குச் சிரிக்கவும் செய்தார்.

எங்கள் சால்யாவைப் பார்த்துச் சிரித்ததில் கூடம் கல்லாய்ப் போனது. அதை அவர் கவனிக்கவில்லை. ஹசிந்தா எழுந்தாள்.

"சார், நீங்க அன்னிக்கு என்ன வேணா ஊத்துங்கன்னீங்க. மூடிய சும்மான்னீங்க. அது தாள்ல இல்ல, உங்க வாயில இருந்துச்சு. சரி, விடுங்க. இருபத்தாறு தடவ கீழ போட்டதா சொன்னீங்களே, அதுக்குத் தாள் என்ன சொல்லுது? நான் இந்த மூணு வாரமா அததான் படிச்சேன்."

"அது... பொதுவான முறை மேடம்."

"பாறையில இல்ல, பலகைமேல போட்டது. அணைச்சு வச்ச புதுப் பெட்டி. அதுவும் ஒரே பெட்டி இல்ல, அஞ்சு பெட்டி. ஆளுக்கு அஞ்சாறு அடின்னு பங்கு போட்டு இருபத்தாறு. அஞ்சு பேர் வாங்கின அடிய ஒருத்தன் முதுகுல எழுதி எங்கிட்ட வித்திருக்கீங்க."

"எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க. விதிமுறையே அத அனுமதிக்குது."

"அனுமதிக்கட்டும். சார், காகிதம் நனைஞ்சா போயிடும்னு எனக்குத் தெரியும். எலி கடிக்கும்னு தெரியும். அது போகாதுன்னு எவனும் எனக்கு வந்து சொன்னதில்ல. அதனால இருபத்திரண்டு வருஷமா ஜாக்கிரதையா இருந்தேன். உங்க பெட்டி செத்தது எனக்குப் பெரிசில்ல. எந்தப் பொருளும் சாகும். சாகாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதனால ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தேன். நாலு பேர் உசுர ஒரே பெட்டியில வச்சேன்."

தோன் பிளாசிதோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவாரெஸ் புது லேப்டாப்பை முன்னால் தள்ளினார்.

"உங்க வருத்தம் புரியுது. அதான் இந்தப் புது மாடல். இதுல மூடியே தேவையில்ல. பியர், சேறு, எது பட்டாலும் உள்ள இருக்கிற விவரம் அழியாது. நான் உறுதி தரேன்."

"உறுதியா?"

"உறுதி."

ஹசிந்தா அளவுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள். தன் கையெழுத்தில் தேதியும் ஒரு வாக்கியமும் எழுதினாள்: இந்தப் பெட்டிக்குள் இருக்கும் அளவு அழியாது. கீழே ஒரு கோடு போட்டாள். பேனாவை நீட்டினாள்.

"இதுல உங்க பேரு, அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. எங்க வழக்கம் தலைவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவங்கதான் மொதல்ல உள்ள நடக்கணும். திங்கக்கிழம அளவு உங்க பெட்டியில இருக்கட்டும். எங்கிட்ட நகல் வேண்டாம். நீங்க முன்னால போங்க, ஹெனாரோ குழு பின்னால வரும். நான் வாசல்ல நிக்கிறேன்."

சுவாரெஸ் பேனாவைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல் வழியே தெரிந்த சுரங்க வாசலைப் பார்த்தார்.

"மேடம், நான் விக்கிறவன். எனக்கு இந்த உயரமே ஒத்துக்கல. நெஞ்ச அடைக்குது. இதெல்லாம் கம்பெனிகிட்டத்தான் கேக்கணும்..."

"கம்பெனி வந்து நடக்குமா?"

பின் வரிசையிலிருந்து ஹெனாரோ எழுந்து வந்தான். மூன்று வாரமாக அவள் முகத்தைப் பார்க்காதவன். மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் சுவாரெஸின் விரலுக்கு நடுவில் வைத்தான்.

"போடுங்க சார். உறுதின்னா போடுங்க. இந்தக் கையெழுத்த நம்பித்தான் நாங்க தெனமும் உள்ள போறோம்."

சுவாரெஸ் பேனாவை மெதுவாக மேசைமேல் வைத்தார். புது லேப்டாப்பை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பழையதை எடுத்துக்கொள்ளவே மறந்துபோனார். அது இன்றைக்கும் எடை மேடைப் பக்கம் தள்ளு வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் பயன்படுகிறது. வண்டி ஏறி ஏறிப் போகிறது, ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹசிந்தாவுக்கு மூக்கு சிவக்கும்.

இப்போது அவள் அளவை இரண்டு புத்தகத்தில் எழுதுகிறாள். ஒன்று ஆபீஸில், ஒன்று ஹெனாரோ வீட்டில். டேப்பின் மறுமுனையை அவன் பிடிக்கிறான். அவனை அவள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, எத்தனை வெடி வைத்தான் என்று தினமும் அவன் வாயாலேயே எண்ணச் சொல்லிக் கேட்கிறாள். சங்கம் அப்புறம் ஒரு சாதாரண லேப்டாப் வாங்கியது. சால்யாவில் அதற்கு மேசைக் காலில் நாலு சொட்டு.

விற்பனைக்காரர்கள் வருவது நிற்கவில்லை. வெடித்தாலும் உடையாத தலைக்கவசம், அணையவே அணையாத விளக்கு, தவறே செய்யாத வாயு மீட்டர். ஹசிந்தா எதிர்த்துப் பேசுவதில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டி, கோட்டின்மேல் பேனாவை வைத்து அவர்கள் பக்கம் தள்ளுகிறாள்.

இதுவரை பதினோரு பேர் வந்து போய்விட்டார்கள். கோடு காலியாகத்தான் இருக்கிறது.